முதல் தனிக் கண்காட்சி முடிந்தது: எந்தப் படத்தை விடுவது என்பதுதான் பெரிய வேலை

சாம்பல்நீலம் எழுதியது:

வணக்கம். என்னுடைய முதல் தனிக் கண்காட்சி போன வாரம் முடிந்து படங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கண்காட்சிக்கு எப்படித் தயாராவது என்று இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது, எனக்குத் தேவைப்பட்டபோது கைகொடுத்ததும் இங்கே இருக்கிறவர்கள்தான், அதனால் எல்லாம் மனதில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும்.

நான் கேன்வாஸில் பெரிய தைலவண்ணப் படங்களும் காகிதத்தில் சின்ன நீர்வண்ணங்களும் வரைகிறவள். கூடம் உறுதியானதும் இன்னும் நாலு படம் வரைந்துவிட வேண்டும் என்கிற பரபரப்பு வரும், எல்லோருக்கும் வருவதுதான். அதை ஒரு கட்டத்தில் வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் கண்காட்சி வேலையே தொடங்கியது என்று சொல்வேன். எந்தெந்தப் படத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பது வரைவதைவிடக் கடினமாக இருந்தது.

செய்தது இதுதான். அளவுநாடாவோடு போய் ஒவ்வொரு சுவரையும் அளந்துகொண்டு வந்து, 1:20 அளவில் அட்டையில் ஒரு மாதிரிக் கூடம் செய்தேன். ஒரு மீட்டர் சுவர் ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். படங்களையும் அதே விகிதத்தில் அச்செடுத்து வெட்டி, ஒட்டி எடுக்கிற மாதிரி பசை வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, தீயணைப்பான் மாட்டியிருக்கிற இடம் எல்லாவற்றையும் மாதிரியில் குறித்துக்கொள்ளுங்கள். காலிச் சுவர் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற இடத்தில் நிறைய இவற்றுக்கே போய்விடும்.

மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. என்னிடம் இருந்ததிலேயே வலுவான படம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரு பெரிய சிவப்புப் படம், எங்கே வைத்தாலும் மற்றவற்றை அமுக்கியது. மற்றவை சாம்பல், மங்கிய நீலம், ஈரமண் நிறம், நின்று பார்த்தால்தான் உள்ளே விடுகிற படங்கள். சிவப்புக்கென்று தனிச் சுவர் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் வாசலில் நிற்கிறவர் கண் நேராக அங்கே போய்விடும், அப்புறம் சாம்பல் பக்கம் திரும்பும்போது அதில் ஒரு பச்சைச் சாயல் ஏறியிருக்கும், அடர்ந்த சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பும் கண்ணின் இயல்பே அதுதான். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கலந்த சாம்பல்கள் எல்லாம் அங்கே வேறொரு நிறமாகிவிடும். அதனால் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். அழைப்பிதழில் போட நினைத்திருந்ததும் அதே படம்தான், அதையும் மாற்றினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாட்டி முடித்த பிறகு கூடத்தில் நின்று பார்த்தபோது, வீட்டில் ஒரு மூலையில் கிடந்த உள்ளங்கை அளவு நீர்வண்ணம் ஒன்று அந்தப் பெரிய சுவரின் நடுவில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. கண்காட்சி நடந்த நாட்களில் ஆட்கள் அதிக நேரம் நின்றது அதற்கு முன்னால்தான். சிவப்பு அங்கே இருந்திருந்தால் அதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாட்டுகிற உயரம், வெளிச்சம், பார்வையாளர்கள் இதெல்லாம் கேள்வி வந்தால் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


ஈரத்தூரிகை எழுதியது:

அக்கா, வாழ்த்துகள்! படிக்கும்போதே எனக்குக் கை பரபரக்கிறது, ஏனென்றால் அடுத்து ஒரு குழுக் கண்காட்சியில் எனக்கும் ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. இருப்பதிலேயே நல்ல படத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது நமக்கு நாமே செய்துகொள்கிற அநியாயம் இல்லையா? முதல் தடவை நம் பெயரைப் பார்க்கிறவர்கள் நம்மால் முடிந்ததில் சிறந்ததைத்தானே பார்க்க வேண்டும்?

இன்னொரு சந்தேகம். என் தைலவண்ணப் படங்களில் இரண்டு சமீபத்தில்தான் முடிந்தன, தொட்டால் ஒட்டவில்லை. வார்னிஷ் அடித்துவிடலாமா? அடிக்காவிட்டால் சில இடம் பளபளவென்றும் சில இடம் மங்கியும் தெரிகிறது, அப்படியே மாட்டக் கூச்சமாக இருக்கிறது.


வெள்ளைச்சுவர் எழுதியது:

நான் ரொம்பக் காலமாகக் காட்சிக்கூடங்களில் படம் மாட்டும் வேலை செய்கிறவன். சாம்பல்நீலம் சொல்வது சரி, அதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர்கள் இருவரின் படங்கள், டர்னரின் சாம்பல் நிறக் கடல் படம் ஒன்றும் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தன. கான்ஸ்டபிளின் படத்தில் சிவப்பு அள்ளித் தெளித்திருந்தது, படகுகளும் கொடிகளும். கண்காட்சி திறப்பதற்கு முன்னால் ஓவியர்கள் கூடத்துக்குள்ளேயே கடைசித் திருத்தம் செய்துகொள்ள அங்கே சில நாட்கள் கொடுப்பார்கள். டர்னர் வந்தார், இரண்டு படங்களையும் பார்த்தார், தன்னுடைய சாம்பல் கடலில் ஒரு காசு அளவுக்குச் சிவப்பு வட்டம் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அத்தனை சிவப்பும் அந்த ஒரு பொட்டுக்கு முன்னால் பலவீனமாகிவிட்டது. அப்புறம் வந்து அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாக மாற்றினார். ஒரு படத்தின் நிறம் அந்தப் படத்துக்குள்ளேயே முடிந்துபோவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஈரத்தூரிகை தம்பி, குழுக் கண்காட்சியில் உங்கள் பக்கத்துச் சுவர் யாருடையது என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் அவர் கொண்டுவரும் படங்களின் போட்டோவையும் வாங்கிப் பாருங்கள். சிறந்த படம் எது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு பதில் தேடலாம்.

உயரம் பற்றி இங்கே பலமுறை குழப்பம் வந்திருப்பதால் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பதுதான் கூடங்களில் பரவலாக இருக்கிற வழக்கம். ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு கூடம் முழுக்க அதையே பிடியுங்கள். ஆணி எங்கே அடிப்பது என்பதற்குக் கணக்கு எளிது: நடுப்புள்ளி உயரத்தோடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள், பின்னால் இருக்கும் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது ஃபிரேமின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். படம் 80 சென்டிமீட்டர் உயரம், கம்பி 10 சென்டிமீட்டர் கீழே என்றால் 145 + 40 - 10, ஆக 175. ஒரே கொக்கியில் மாட்டாமல் இரண்டு கொக்கிகளில் மாட்டினால் படம் சாயாது, தினமும் காலையில் போய் நேராக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.


கல்லச்சு எழுதியது:

நான் அச்சுக்கலை செய்கிறேன், எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பெரிய வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு சின்னப் படம் மாட்டுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாடகை கட்டிக் கூடம் எடுக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு மீட்டரும் காசு. படங்களுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு ஒரே வரிசையில் கண் மட்டத்தில் மாட்டுவது ஏதோ இயற்கை விதி என்பதுபோல ஆகிவிட்டது, அது பின்னால் வந்த பழக்கம்தான். பாரிஸ் சலோன் என்ற அந்தக் காலத்துப் பெரிய கண்காட்சியில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினார்கள், ஃபிரேமோடு ஃபிரேம் உரசும். கூரைக்குப் பக்கத்தில் போன படத்தின் ஓவியர் பாவம், அது வேறு விஷயம். ஆனால் அடர்த்தியாக மாட்டுவதிலும் ஒரு அழகு உண்டு. என் சின்ன அச்சுகளை நான் கொத்தாகத்தான் மாட்டுவேன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண் தாவும், அந்தத் தாவலுக்காகவே செய்தவை அவை.

சிவப்புப் படத்தை எடுத்தது உங்கள் முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சின்னவர்களுக்குச் சொல்லாதீர்கள் அக்கா. சில சமயம் சண்டை போடுகிற இரண்டு படங்களைப் பக்கத்தில் வைப்பதுதான் கண்காட்சியே.


சாம்பல்நீலம் எழுதியது:

கல்லச்சு, நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கொத்தாக மாட்டுவதற்கென்றே பிறந்த படங்கள் உண்டு, உங்கள் அச்சுகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தால் உயிர் போய்விடும். ஆனால் அதுவும் தேர்வுதானே? எந்த அச்சு கொத்துக்குள் போகிறது, எது வெளியே நிற்கிறது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான். எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஏதோ ஒன்றை வெளியே நிறுத்தியாக வேண்டும், அப்படி நிறுத்தும்போது அந்தப் படம் நல்லதா கெட்டதா என்பதைவிட மற்றவற்றோடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சலோனைச் சொன்னதும் 1874 ஞாபகம் வருகிறது. சலோனை நம்பாமல் மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ, பெர்த் மோரிஸோ என்று பின்னால் இம்ப்ரெஷனிஸ்டுகள் எனப் பெயர் பெற்ற ஓவியர்கள் எல்லாம் சேர்ந்து, புகைப்படக்காரர் நதார் காலி செய்திருந்த ஸ்டுடியோவில், சுமார் 30 பேராக, தாங்களே நடத்திய கண்காட்சி. ஏப்ரல் 15-இல் தொடங்கி ஒரு மாதம், ராத்திரியிலும் திறந்து வைத்திருந்தார்கள். தேர்வுக்குழு கிடையாது, பரிசு கிடையாது. விமர்சகர்களின் கேலியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஓவியர்கள் கையிலேயே சுவர் வந்தது என்பது. மாட்டுகிற வேலை கடைசியில் ரெனுவார் தலையில் விழுந்தது என்று படித்தபோது ரொம்ப நெருக்கமாக உணர்ந்தேன், ஏணியும் சுத்தியலும் அவர் கையிலும் இருந்திருக்கும்.

ஈரத்தூரிகை, உன் கேள்விக்கு: முதல் தடவை பார்க்கிறவர் உன்னுடைய சிறந்த ஒற்றைப் படத்தைப் பார்ப்பதைவிட, நீ என்ன பார்க்கிறாய் என்பதைப் பார்ப்பது நல்லது. அது பல படங்கள் சேர்ந்தால்தான் வரும். வார்னிஷ் பற்றி சட்டகம் ஐயா வந்து சொல்லட்டும், அவர் அளவுக்கு எனக்குத் தெரியாது.


சட்டகம் எழுதியது:

கூப்பிட்டதால் வந்தேன். ஃபிரேம் போடுவதுதான் என் தொழில், அதனால் படங்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன்.

தம்பி, அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்காதீர்கள். நீர்வண்ணம்போலத் தைலவண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. மேலே தொட்டால் ஒட்டாது, உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருந்து கடைசி வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள், தடிமனாகப் பூசியிருந்தால் இன்னும் கூட ஆகும். நீங்கள் சொல்கிற மங்கல், கீழ் அடுக்கு எண்ணெயை உறிஞ்சிவிட்டதால் வருவது. அதற்கு ரீடச் வார்னிஷ் என்று மெல்லியதாக ஒன்று இருக்கிறது, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த படத்தில் லேசாக அடிக்கலாம், மங்கிய இடமும் பளபளப்பும் ஓரளவு சமமாகும். கண்காட்சிக்கு அது போதும்.

நீர்வண்ணமோ வேறு எந்தக் காகிதப் படமோ, கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையில் மவுண்ட் அட்டை வேண்டும், படம் தெரிகிற அளவுக்கு நடுவில் ஜன்னல்போல வெட்டிய அட்டை அது, அமிலம் இல்லாத அட்டையாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண அட்டையில் இருக்கிற அமிலம் வெட்டின ஓரத்தை ஒட்டிக் காகிதத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். படத்தை அட்டையில் ஒட்டுவதற்குச் செலோ டேப்பைக் கையில்கூட எடுக்காதீர்கள். ஜப்பானியக் காகிதத்தில் சின்னப் பட்டைகள் வெட்டி, கோதுமை மாவுச்சத்துப் பசையில், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்தால் போதும். காகிதம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும் சுருங்கும், நாலு பக்கமும் ஒட்டினால் நெளிந்துவிடும்.

கரித்துண்டும் பேஸ்டலும் வரைகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எடை குறைவு, உடையாது என்று அக்ரிலிக் ஷீட் போடச் சொல்வார்கள். துடைத்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும், படத்திலிருந்து பொடியை உரித்து மேலே இழுத்துக்கொள்ளும். அந்த மாதிரிப் படங்களுக்குக் கண்ணாடியே போடுங்கள். ஃபிரேமுக்குள் போட்டு மூடுவதற்கு முன்னால் நல்ல போட்டோ எடுத்துவிடுங்கள், கண்ணாடிக்குப் பின்னால் போன பிறகு எடுத்தால் உங்கள் முகமும் ஜன்னலும்தான் விழும்.

கொண்டுபோகிற வழியில்தான் அதிகம் கெடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் அக்ரிலிக் படங்களை வண்டிக்காரர்கள் பபிள் ஷீட்டில் நேரடியாகச் சுற்றிக் கட்டி, வெயிலில் நிற்கிற வண்டியில் வைத்துவிட்டார்கள். அக்ரிலிக் வண்ணம் சூடு ஏறினால் இளகும். பிரித்துப் பார்த்தபோது கரும்பரப்பு முழுக்க வட்ட வட்டமாகக் குமிழ்த் தடம். அவர் அதற்கு முன்னால் நின்ற நிலை எனக்கு மறக்காது. படத்தின் மேல் முதலில் கிளாசைன் என்ற வழவழப்பான மெல்லிய தாளோ சிலிக்கான் தடவிய தாளோ வர வேண்டும், அதற்கு மேல் அட்டை, அதற்கும் மேல்தான் பபிள் ஷீட், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. அப்புறம் இரண்டிரண்டு படமாக முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து மேலே மேலே அடுக்காதீர்கள்.


களிமண் எழுதியது:

சிற்பம் செய்கிறவள் நான், ஆணிக் கணக்கு எனக்கு உதவாது, ஆனால் படித்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். கண்காட்சி நாட்களில் நீங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களா? நான் இருக்கக் கூடாது என்று நினைக்கிறவள். செய்தவள் பக்கத்தில் நின்றால் பார்க்கிறவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார், ஏதாவது நல்லதாகச் சொல்லியாக வேண்டும் என்கிற கட்டாயம் வந்துவிடுகிறது. என் வேலையைச் சுற்றி நடக்க வேண்டும், குனிய வேண்டும், பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.


சாம்பல்நீலம் எழுதியது:

நான் உட்கார்ந்திருந்தேன், அதற்காக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாசல் பக்கம் மேசை போட்டுப் பதிவேட்டோடு உட்காரவில்லை. ஒரு ஓரமாக, கையில் வரைபுத்தகத்தோடு. பாதிப் பேருக்கு நான்தான் வரைந்தவள் என்று தெரியாது. அதனால் ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. பலரும் உள்ளே வந்ததும் ஒரே பக்கமாகத் திரும்புகிறார்கள். முதல் படத்தில் நிற்க மாட்டார்கள், இரண்டாவது மூன்றாவதில்தான் வேகம் குறைகிறது. பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவர் இருக்கிறார், படத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டுக்குக் குனிகிறவர் இருக்கிறார், இரண்டாவது வகையினர் அதிக நேரம் நிற்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, திறப்புக்கு மறுநாளே பெயர்ச்சீட்டுகளைப் படத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, கீழே ஒட்டினேன்.

ஒரு வயதான அம்மா வந்தார், யாரோடும் பேசவில்லை. ஒரு நீர்வண்ணத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, நான் இருக்கிற பக்கம் வந்து, இந்தத் தண்ணீர் இப்போதுதான் வடிந்திருக்கிறதா, இல்லை வரப்போகிறதா என்று கேட்டார். அவருக்கு நான் யார் என்று தெரியாது, பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டார், அவ்வளவுதான். அந்தப் படத்தை வரையும்போது எனக்கே அது முடிவாகத் தெரியாமல் இருந்தது. விற்ற படங்களைவிட அந்தக் கேள்விதான் என்னைத் திரும்பவும் வேலைக்கு உட்கார வைத்திருக்கிறது. நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அது என் காதுக்கே வந்திருக்காது. அதனால் களிமண், சிற்பத்துக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஒரு சில மணி நேரமாவது அடையாளம் தெரியாமல் போய் உட்கார்ந்து பாருங்கள்.


களிமண் எழுதியது:

அடையாளம் தெரியாமல் என்றால் சரி, அதை முயற்சி செய்கிறேன். அந்த அம்மாவின் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது.


ஈரத்தூரிகை எழுதியது:

சட்டகம் ஐயா, ரொம்ப நன்றி, ரீடச் வார்னிஷே அடிக்கிறேன். வெளிச்சம் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த சுவருக்கு எதிரே பெரிய ஜன்னல், பகல் முழுக்க வெயில் வருகிறது. நல்லதுதானே? கூடவே விலை எப்படிப் போடுவது என்றும் சொன்னால் நன்றாக இருக்கும், யோசித்தாலே வயிறு கலங்குகிறது.


வெள்ளைச்சுவர் எழுதியது:

நேர் வெயில் நல்லதில்லை, அந்த ஜன்னலுக்குத் திரை கேளுங்கள். அருங்காட்சியகங்களில் காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ், தைலவண்ணத்துக்கு 200 லக்ஸ் என்ற அளவில்தான் வெளிச்சம் வைப்பார்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதோடு வெளிச்சத்தால் வரும் கேடு கூடிக்கொண்டே போகும், திரும்ப வராது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக வரைந்த ஐந்து பெரிய படங்களை 1964-இல் ஜன்னல்கள் நிறைந்த ஒரு உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சம் தாங்காது. கருஞ்சிவப்பு வெளுத்து நீலம் பாரித்து, 1979-இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014-இல் திரும்பக் காட்டியபோது, போன நிறத்தை ப்ரொஜெக்டர் ஒளியால் படத்தின் மேல் விழச் செய்துதான் காட்ட முடிந்தது. வான்கோவின் படுக்கையறைச் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறதே, அவர் பூசியது வெளிர் ஊதா, அதிலிருந்த சிவப்பு போய்விட்டது. உங்கள் வண்ணக் குழாய்களில் வெளிச்சம் தாங்கும் தரம் போட்டிருக்கும், ஏஎஸ்டிஎம் 1 அல்லது 2 என்றால் பயமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் பகல் வெளிச்சத்தில் வரைகிறவராக இருந்தால் கூடத்து விளக்கின் கீழ் உங்கள் நீலம் உங்களுக்கே அந்நியமாகத் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் 5000 முதல் 6500 கெல்வின் வரை இருக்கும், கூடங்களில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகள்தான் அதிகம். ஒரு படத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்துப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ, அது 90-க்கு மேல் இருக்கிற விளக்குகளா என்று கேளுங்கள், விளக்கு செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பும் ஃபிரேமின் நிழலும் குறையும்.


கல்லச்சு எழுதியது:

விலைக்கு நான் சொல்கிறேன், அச்சுக்காரர்களுக்கு அது தினசரி வேலை. உங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்பதை விலைக்குள் கொண்டுவராதீர்கள். அளவையும் ஊடகத்தையும் வைத்துப் போடுங்கள், ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை. பிரியவே மனமில்லாத படம் என்றால் விற்பனைக்கு இல்லை என்று எழுதுங்கள், யாரும் வாங்கக் கூடாது என்று விலையை ஏற்றி வைப்பது வாங்க வருகிறவரைக் குழப்பும். வீட்டில் வைத்து விற்கும் விலையும் கூடத்து விலையும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை எந்தக் கூடமும் உங்களை நம்பாது. கமிஷன் பாதிக்குப் பாதி வரை போகும், அதைக் கணக்கில் வைத்துத்தான் விலையே தொடங்க வேண்டும், ஃபிரேம் செலவு அதற்குள் காணாமல் போய்விடும்.

எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: கமிஷன் எவ்வளவு, தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து, விற்ற எத்தனை நாளில் பணம், கூடத்தில் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு, போக வர வண்டிச் செலவு யாருடையது. கேட்கவே சங்கடமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு இளம் ஓவியர் ஒரு கூடத்தில் இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விட்டு, விற்ற படத்துக்கான பணத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள், ஒழுங்காக நடத்துகிறவர்கள் தாங்களே தாளை நீட்டுவார்கள். அச்சுப் படங்கள் வைப்பவர்கள் மொத்தப் பிரதி எத்தனை, இது எத்தனையாவது என்பதைப் பென்சிலில் போட்டுக் கையெழுத்திடுங்கள், ஒருமுறை அறிவித்த எண்ணிக்கையைப் பின்னால் கூட்டவே கூடாது.


ஈரத்தூரிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்துச் சுவர்க்காரரிடம் பேசினேன், அவர் கொண்டுவருவது எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். என்னுடையதில் பெரிய மஞ்சள் படம் ஒன்று இருக்கிறது, எனக்கு உயிர். மாதிரி செய்து வைத்துப் பார்த்தேன், மஞ்சள் அவருடைய கோடுகளைக் கெடுக்கவில்லை, ஆனால் என்னுடைய மற்ற படங்களைத்தான் கெடுக்கிறது அக்கா. இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. குறிப்பு எழுதுவதும் பாக்கி, என்னைப் பற்றி என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.


சாம்பல்நீலம் எழுதியது:

கூடத்துக்கு மஞ்சளையும் எடுத்துக்கொண்டு போ. மாட்டுகிற அன்று முதலில் அது இல்லாமல் எல்லாவற்றையும் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார், அப்புறம் அதைக் கொண்டுவந்து வைத்துப் பார். மாதிரி எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உண்மையான கூடத்தின் வெளிச்சமும் நடந்து வருகிற தூரமும் அதில் வராது. எனக்கும் மாதிரியில் முடிவு செய்ததில் சில படங்கள் இடம் மாறின, சிவப்பு மட்டும்தான் அங்கேயும் அதே பதிலைச் சொன்னது, வண்டியிலேயே திரும்பிவிட்டது. ஆணி அடிக்கும் முன்னால் இதைச் செய்துவிடு, அடித்த பிறகு மனது மாறாது.

குறிப்பில் உன் தத்துவம் வேண்டாம். எதைப் பார்த்து வரைந்தாய், எதில் வரைந்தாய், ஏன் இத்தனை நாள் அதையே வரைந்துகொண்டிருக்கிறாய், இது மூன்றும் நூறு சொல்லுக்குள் வந்தால் போதும். எழுதியதை ஓவியம் தெரியாத ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டு, அவர் முகம் சுருங்குகிற இடத்தை வெட்டு. பட்டியலில் எண், தலைப்பு, ஊடகம், ஆண்டு, அளவு, விலை என்ற வரிசை. அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து. படங்களின் பின்பக்கமும் பெயர், தலைப்பு, ஆண்டு எழுதிவிடு, ஆனால் கேன்வாஸின் மேல் எழுதாமல் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் எழுது.

முடிந்த பிறகு கூடத்திலேயே ஒவ்வொரு படத்தையும் பிரித்துப் பார்த்து, போகும்போது எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. திரும்பி வந்த படங்களை உடனே சுற்றி உள்ளே வைக்காமல் கொஞ்ச நாள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திரு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிவப்புக்கு இப்போது தனியாக ஒரு வரிசை தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது, அதோடு நிற்கக்கூடிய இன்னும் சில படங்கள், அவற்றுக்கான கேன்வாஸ் நேற்றுத்தான் இழுத்துக் கட்டினேன். உன் மஞ்சள் என்ன ஆனது என்று மாட்டி முடித்ததும் வந்து எழுது, போட்டோவும் போடு.